வியாழனைச் சுற்றும் வீட்டோட மாப்பிள்ளை

என் வீட்டுக்காரர் சகாதேவனுக்கு எங்கள் குப்பத்தில் பட்டப்பெயருக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கல்யாணம் முடிந்து என் வீட்டுக்கே குடிவந்த புதிதில் ‘வரத்து’ என்றார்கள், ஏதோ வெளியூரிலிருந்து மீன் லோடு வந்து இறங்கிய மாதிரி. அது சலித்ததும் ‘மனோரமா பார்ட்டி’ என்றார்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் எனக்கு ஆகாது. அவரைக் கேலி செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் ஒருத்தி வீட்டில் இருக்கிறேனே, ஊருக்கு என்ன வந்தது?

நான் மனோரமா. பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். என் குரல் படகுத்துறை வரைக்கும் கேட்கும் என்பார்கள். அது பொய். அதைத் தாண்டியும் கேட்கும்.

வெளியூர்க்காரர்களுக்குப் பாடு என்றால் கஷ்டம். எங்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு அர்த்தம் இருக்கிறது. ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் முறை வைத்திருக்கிறோம். அந்த முறைக்குப் பெயர் பாடு. தன் முறை வந்து ஒருவன் வலையோடு கிளம்பினால் ‘பாட்டுக்குப் போறான்’ என்போம். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பாடு. பெண்களுக்கு அது கிடையாது. எங்களுக்குக் கொடுத்திருப்பது முதலில் சொன்ன அர்த்தம்தான்.

என் அப்பா தனபாலுக்குப் பாடு இருந்தது. அவருக்கு நான் ஒரே பெண். பெண் பார்க்க வந்த அன்றைக்கே நான் சொல்லிவிட்டேன்: மார்க்கெட்டில் என் கூடைக்கு ஓர் இடம் பிடிக்க நான் போடாத சண்டை இல்லை, அதை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் ஊரான சுண்ணாம்புக்குளம் போய்ப் புதிதாகத் தொண்டை கிழியக் கத்த முடியாது. பெரியவர்கள் முகம் கறுத்தார்கள். மாப்பிள்ளை மட்டும் “சரி, நான் வரேன்” என்றார், டீ குடிக்கக் கூப்பிட்ட மாதிரி. அப்படித்தான் வந்தார். அப்பாவோடு பாட்டுக்குப் போனார். போன ஐப்பசியில் அப்பா போய்ச் சேர்ந்தார். பாடும் அவரோடு போய்விட்டது.

மகன் இருந்தால் மகனுக்கு வந்திருக்கும். மருமகனுக்கு வரும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இவருடைய சொந்த ஊரிலோ, ஊரைவிட்டுப் போனவனுக்கு முறை கிடையாது என்று எப்போதோ பெயரை எடுத்துவிட்டார்கள். மனுஷன் இரண்டு கரைக்கும் இல்லாமல் நின்றார். மங்களூர்ப் பக்கம் பெரிய போட்டுகளுக்கு ஆள் எடுக்கிறார்கள், ஏறினால் மாதக்கணக்கில் வீடு கிடையாது. இந்த வருஷம் பாட்டுச் சீட்டு போடுகிற கூட்டத்தில் தன் பெயர் வராவிட்டால் அங்கே போய்விடுவதாக ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். அவர் போகக் கூடாது என்றுதான் எனக்கு இருந்தது. வாயிலோ “போனா போ, ஒரு ஆள் சோறு மிச்சம்” என்றுதான் வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மாசியில் ஒரு நாள் சாயங்காலம், சென்னையிலிருந்து அர்ச்சனா என்ற பெண் ஒரு பெரிய குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கிராமம் கிராமமாகப் போய் வானத்தைக் காட்டுகிற குழுவாம். பள்ளிக்கூடத்து மைதானத்தில் குழாயை நிறுத்தி, இருட்ட ஆரம்பித்ததும் வியாழனைப் பிடித்துக் காட்டினாள். வியாழன் என்றால் குரு என்று தெரிந்ததும் குணசுந்தரி அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குழாய்க்குள் கண்ணை வைத்தாள். அவள் மகளுக்கு வரன் அமையவில்லை. குரு பார்வை வந்தால்தான் நடக்கும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். பார்த்து முடித்துவிட்டு, நான் அதைப் பார்த்தேன், அது என்னைப் பார்த்ததா என்று அர்ச்சனாவிடம் கேட்டாள். அந்தப் பெண் பாவம், இதற்கெல்லாம் படித்திருக்கவில்லை.

நானும் பார்த்தேன். பழுத்த எலுமிச்சை மாதிரி ஓர் உருண்டை, அதன் பக்கத்தில் வரிசையாக நாலு புள்ளி. நாலும் அதனுடைய நிலாக்களாம். நாலுக்கும் நாலு பெயர் சொன்னாள். அதில் பெரியது கேனிமீட். நம்முடைய நிலாவைவிட அது பெரிதாம்.

சூரியனிலிருந்து வியாழன் எவ்வளவு தூரம் என்று கேட்க நினைத்த சரவணன், எத்தனை லிட்டர் என்று கேட்டான். சரவணன் சொந்தப் படகு வைத்திருப்பவன். எங்களுக்குத் தூரம் என்றால் டீசல்தான். நாலு லிட்டரில் சங்கரா கிடைக்கிறது, எட்டு லிட்டர் போனால் வஞ்சிரம் என்றுதான் பேசுவோம். அர்ச்சனாவுக்கு அது தெரியாது. வியாழனுடைய கொள்ளளவைக் கேட்கிறான் என்று நினைத்து, அதற்குள் ஆயிரத்துக்கும் மேலே பூமியைப் போட்டு அடைக்கலாம் என்று விளக்கினாள். சரவணன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அவ்வளவு டீசலுக்கு மானியம் வராது என்றான்.

அப்புறம்தான் எங்கள் ஊர்த் தலைவர் துளசிங்கம் எழுந்தார். எனக்கு அவர் பெரியப்பா முறை. எந்தக் கூட்டமானாலும் கடைசிக் கேள்வி தன்னுடையதாக இருக்க வேண்டும் அவருக்கு. அந்தப் பெரிய நிலா சூரியனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். வியாழன் இருக்கிற அதே எழுபத்தெட்டு கோடிக் கிலோமீட்டர்தான் என்றாள் அர்ச்சனா. அது வியாழனுடைய தூரமாயிற்றே, நான் நிலாவையல்லவா கேட்டேன் என்று மடக்கினார்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். வியாழனுக்கும் அந்த நிலாவுக்கும் நடுவே பத்து லட்சம் கிலோமீட்டர் சொச்சம். சுற்றும்போது ஒரு சமயம் வியாழனைவிடச் சூரியனுக்குக் கிட்ட இருக்கும், ஒரு சமயம் எட்ட இருக்கும். எழுபத்தெட்டு கோடிக்கு முன்னால் பத்து லட்சம் ஒரு தூரமே இல்லை. அதனால் நிலாவுக்கென்று தனியாகச் சொல்வதில்லை.

“அது அதுபாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும் சார்” என்று முடித்தாள்.

‘பாட்டுக்கு’ என்றதும் எல்லோர் காதும் நிமிர்ந்தது.

“பாட்டுக்குப் போவுதா?” என்றார் பெரியப்பா. “எந்தக் கணக்குல?”

“வியாழன் கணக்குலதான் சார். அது சுத்துறது வியாழனைத்தானே?”

மொத்தக் கூட்டமும் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அப்புறம் எழுந்த சிரிப்பில் படகுத்துறை நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. அர்ச்சனாவுக்குத் தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று புரியவில்லை. பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை, உன் ஆள் ஒருத்தன் மேலே இருக்கிறான், போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவரைக் குழாயண்டை தள்ளிவிட்டார். அன்றைக்கே பெயரும் வைத்தாயிற்று. கேனிமீட் என்று வாய் வளையவில்லை. கேனமீடு என்றார்கள். ‘கேன’ என்கிற இடத்தில் ஓர் அழுத்தம் வேறு.

அவர் மற்ற எல்லோரையும்விட அதிக நேரம் பார்த்தார். வீட்டுக்கு நடக்கும்போது நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், ஊரே சிரிக்கிற மாதிரி நிற்கிறாயே, உனக்கு ரோஷம் என்று ஒன்று உண்டா என்று. அவர் சிரிக்கவில்லை.

“அதுக்கே பாடு கீதாம் மனோ” என்றார்.

அவர் சிரிக்காமல் பேசினால் எனக்குப் பயம். மறுநாள் காலையில் பரண்மேல் இருந்த பை கீழே இறங்கியிருந்தது. இரண்டு லுங்கி, ஒரு சட்டை மடித்து உள்ளே போயிருந்தன. நான் பார்த்தும் பார்க்காத மாதிரி அந்தப் பையைச் சுற்றிப் பெருக்கினேன்.

அடுத்த சில நாள் மார்க்கெட்டில் என்னை யாரும் நிம்மதியாக வியாபாரம் பார்க்க விடவில்லை. கேனமீடு சாப்பிட்டதா, கேனமீடு இன்றைக்கு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று விசாரிப்பு. எடை போடும்போது கேட்டவர்களுக்கு எடையில் காட்டினேன். குணசுந்தரி அக்கா மட்டும், குருவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிற அந்த நாலு நிலாவுக்கும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று உண்மையாகவே கேட்டாள். அவளுக்கு நல்ல இறாலாகப் பொறுக்கிப் போட்டேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஆண்கள் உள்ளே பாயில் உட்காருவார்கள். பெண்கள் வெளியே பூவரச மரத்தடியில் நின்று, உள்ளே நடப்பது எதுவும் காதில் விழாத மாதிரி எல்லாவற்றையும் கேட்போம். பித்தளைக் குடத்தில் சீட்டு தயாராக இருந்தது. பெயரைக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து போய் எடுக்க வேண்டும். எந்த இடத்தின் பெயர் வருகிறதோ அங்கே அவருடைய முறை தொடங்கும்.

சீட்டுக்கு முன்னால் பெரியப்பாவே பேச்சை எடுத்தார். எல்லோரும் கேலி செய்தோம், சிரித்தோம், அதெல்லாம் சரி, ஆனால் அந்தப் பெண் சொன்னது எனக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது என்றார். தனபாலோடு இத்தனை வருஷம் வலை கட்டிய பையன், இவன் எந்த ஊர்க் கணக்கு என்று இன்றைக்கு நாம் சொல்லியாக வேண்டும் என்றார். சரவணன் உடனே எழுந்தான். ஒரு தலை கூடினால் எல்லோருடைய முறையும் தள்ளிப்போகும், இன்றைக்கு ஒரு மாப்பிள்ளையைச் சேர்த்தால் நாளைக்கு ஊரில் பெண் கட்டிய எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள் என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அவன்மேல் அப்படி எரிச்சல் வந்தது.

இழுபறியாக இழுத்து, கடைசியில் பெரியப்பா ஒரு வழி சொன்னார். மகனுக்குப் பாடு உண்டென்பதுதானே சட்டம்? அப்படியென்றால் சகாதேவனைத் தனபால் மகன் என்றே வைத்துக்கொள்வோம். இனிமேல் ஊர்க் கணக்கில் அவன் தனபால் மகன் சகாதேவன். சரவணன்கூட முனகிக்கொண்டே தலையாட்டினான். வெளியே நின்ற பெண்கள் என் தோளைத் தட்டினார்கள். எனக்கு மூச்சு வந்தது. பையிலிருந்து லுங்கியை எடுத்து மறுபடியும் கொடியில் போடுவதாக மனசுக்குள் பார்த்துவிட்டேன்.

அவர் எழுந்து நின்றார். வரத்துக்கும், பார்ட்டிக்கும், கேனமீடுக்கும் சிரித்த மனுஷன் இதற்குச் சிரிக்கவில்லை.

“அது வேணாம் மாமா” என்றார். “எங்க நைனா உசிரோட கீறாரு.”

அவருடைய நைனா வெங்கடேசலு சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிறார். வயசாகிவிட்டது. என்னோடு அவர் பேசுவதில்லை. மகனை வலை போட்டு இழுத்துக்கொண்டு போனவள் நான். பொங்கலுக்கு நாங்கள் போனால்கூட, தண்ணீர் வேண்டுமா என்று அவர் மகனிடம்தான் கேட்பார், மகன் என்னிடம் கேட்க வேண்டும். அந்த மனுஷனுக்காக இவர் கையில் வந்த பாட்டைக் கீழே போடுகிறார் என்று எனக்கு ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கணமே இவர் செய்ததுதான் சரி என்று தோன்றிவிட்டது. அப்பன் பெயரை விட்டுக்கொடுக்கிற ஆள் நாளைக்கு எதைத்தான் விடமாட்டான்?

அப்படியானால் எங்களால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சரவணன் உட்கார்ந்தான். பெரியப்பா குடத்தின் பக்கம் கையை நீட்டினார், சீட்டைத் தொடங்கலாம் என்பது போல. மங்களூர் பஸ் புறப்படுகிற சத்தம் என் காதிலேயே கேட்டது. நான் பூவரச மரத்தை விட்டு நடந்து மண்டபத்துப் படியில் ஏறிவிட்டேன். ஏறின பிறகுதான், பெண்கள் அங்கே ஏறுவதில்லை என்பது ஞாபகம் வந்தது. இறங்குவது அதைவிட அசிங்கம்.

“அந்தப் பொண்ணு சொன்னதைப் பாதிதான் காதுல வாங்கினீங்க பெரியப்பா” என்றேன். “நிலாவுக்குத் தூரம் வியாழன் கணக்கு. பேரு அதோட பேரு. வியாழன் மகன்னு அதை யாராச்சும் சொன்னாங்களா?”

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். சரி, மகன் வேண்டாம், அப்படியென்றால் யார் கணக்கில் அவனைச் சேர்ப்பது என்று கேட்டார். உன் அப்பாவும் இல்லையே என்றார்.

“என் கணக்குல சேருங்க. அவரு என்னைத்தானே சுத்தி வந்தாரு?”

உள்ளே ஒரு சலசலப்பு. பெண்ணுக்கு ஏது பாடு என்று சரவணன் சத்தம் போட்டான். நான் ஒன்றும் வலை கட்டக் கேட்கவில்லை, வலை கட்டப்போவது அவர்தான், எந்தக் கணக்கு என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன் என்றேன். ஊரில் பெண் கட்டிய மாப்பிள்ளை எல்லாம் வந்துவிடுவான் என்று பயந்தாயே, இதைக் கேட்ட பிறகு பெண்டாட்டி பெயரில் கூப்பிட்டால் எழுந்து போகிற ஆம்பளை எத்தனை பேர் வருவான் என்று நீயே சொல் என்றேன். வெளியே குணசுந்தரி அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது.

பெரியப்பா தாடையைத் தேய்த்தார்.

“நீ ஒரு கெரகம்ன்றதுல எனக்கு எப்பவும் சந்தேகமே இருந்ததில்ல மனோ” என்றார்.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூட்டத்துக்கும் வந்துவிட்டது. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் முடிவைச் சொல்லிவிட்டார். குடத்தில் இன்னொரு சீட்டு போட்டு, எல்லோரும் எடுத்து முடித்த பிறகு மிஞ்சுகிற கடைசிச் சீட்டு சகாதேவனுக்கு. அடுத்த வருஷம் மற்றவர்களோடு சமமாக. தனக்கு முன்னால் யாரும் நுழையவில்லை என்பதால் சரவணன் அதற்கு மேல் பேசவில்லை.

ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகன் இன்னார். நான் படியிலேயே நின்றுகொண்டிருந்தேன், இறங்கு என்று யாரும் சொல்லவில்லை. கேலி இனிமேல்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என்னை எதற்கு இப்படிச் சந்தி சிரிக்க வைத்தாய் என்று அவர் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. போகாதே என்று நேராகச் சொல்லத் தெரியாததால் ஊர்க்கூட்டத்தில் ஏறிக் கத்த வேண்டியதாகிவிட்டது, அவ்வளவுதான்.

“மனோரமா வீட்டுக்காரர் சகாதேவன்” என்று கூப்பிட்டார்கள்.

அந்த மண்டபத்தில் ஒரு பெண்ணின் பெயர் அதற்கு முன்னால் சொல்லப்பட்டதில்லை. அவர் எழுந்தார். தயங்குவார் என்று நினைத்தேன். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்க் குடத்துக்குள் கைவிட்டு, மீதி இருந்த அந்த ஒரே சீட்டை, பத்துச் சீட்டில் ஒன்றைப் பொறுக்குகிறவர் மாதிரித் துழாவி எடுத்தார். பிரித்துப் பார்த்துவிட்டுப் பெரியப்பாவிடம் கொடுத்தார், பெரியப்பா இடத்தின் பெயரை எல்லோருக்கும் கேட்கப் படித்தார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்துத் தன் நைனாவைக் கூப்பிட்டார். கிழவருக்குக் காது மந்தம். அதனால் சத்தமாக வைத்துத்தான் பேச வேண்டும். பாடு கொடுத்துவிட்டார்கள் நைனா என்றார். யார் பேரில் என்று அந்தப் பக்கம் கேட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ‘என் பேர்லதான்’ என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார், அப்பனிடம் எந்த ஆம்பளையும் அப்படித்தான் சொல்வான், அதற்காக நான் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“மனோரமா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கோ நைனா” என்றார் அவர். “நான் போயி எடுத்தேன்.”

லைன் போய்விட்டதா என்று அவர் போனைத் திருப்பிப் பார்த்தார். போகவில்லை. அப்புறம் கிழவர் ஏதோ முனகினார். இவர் போனை என் கையில் திணித்து, உன்னைத்தான் கேட்கிறார் என்றார். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டேன். என்ன சொல்லித் திட்டினாலும் இன்றைக்குத் திருப்பிப் பேசுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நமக்கு எந்த எடம் வந்துச்சும்மா?” என்று கேட்டார் கிழவர்.

நமக்கு என்றார். படகுத்துறையைத் தாண்டிக் கேட்கிற குரல், பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கே கேட்காமல் போய்விட்டது. இரண்டு தடவை முயற்சி செய்து மூன்றாவது தடவைதான் சொன்னேன்.

“வடக்குப் பள்ளம், மாமா.”

நல்ல இடம் என்றார் அவர்.